மிதக்கும் எனக் கருதப்படுகிறது

முப்பத்தொரு வருடம் கடலுக்குப் போய் வந்தவன் நான். அத்தனை வருடத்தில் ஒரு நாளாவது கடல் என்னிடம் மூன்று பிரதி கேட்டதில்லை.

என் பெயர் அன்ரனிப்பிள்ளை. புத்தளம் பக்கம், முந்தலுக்கு மேற்கே கடலோரத்தில் வீடு. தோள்மூட்டு தேய்ந்து வலை இழுக்க முடியாமல் போனதும் வள்ளத்தை விற்றேன். விற்ற கையோடு ஒரு கேம்பர் வாங்கினேன். வாகனத்துக்குப் பின்னால் கொளுவி இழுத்துப் போகிற சின்ன வீடு அது. உள்ளே கட்டில், பின்பக்கம் அடுப்பு, மணலிலும் சேற்றிலும் உருளத் தடித்த டயர். வெள்ளைக்காரர் காடு மலை சுற்றுவதற்கு வைத்திருக்கிற சாமான். எனக்குக் காடும் வேண்டாம், மலையும் வேண்டாம். தலவில கோயில் மணல்வரை போனால் போதும்.

காரணம் என் மனைவி றோசமேரி. இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் கற்பிட்டிக்கு அப்பால் என் வள்ளம் கவிழ்ந்து, மூன்று நாள் அதன் முதுகில் கிடந்தேன். கடலில் இருப்பது ஒரேயொரு சட்டம். வள்ளம் கவிழ்ந்தாலும் வள்ளத்தை விட்டுப் போகாதே. நான் விடவில்லை. கரையில் எல்லாரும் என் ஆன்மாவுக்குப் பூசை ஒப்புக்கொடுக்க நாள் பார்த்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் தலவில கோயில் புனித அன்னம்மாவிடம் நேர்த்தி வைத்தாள். இவரைத் திருப்பித் தா, சாகும்வரைக்கும் வருடா வருடம் ஓகஸ்ட் திருவிழாவுக்கு ஒன்பது நாளும் உன் மணலில் வந்து கிடக்கிறேன் என்று. அன்னம்மா தன் பங்கைச் செய்தாள். றோசமேரியும் வருடம் தவறாமல் தென்னோலைக் கிடுகுக் கொட்டிலில் பாய் விரித்துக் கிடந்தாள். பிறகு முழங்கால் இரண்டும் போயின. தரையில் படுத்தால் அவளை எழுப்ப ரெண்டு பேர் வேண்டும். போன வருடம் முதன்முதலாகத் திருவிழாவுக்குப் போகவில்லை. ஒன்பது நாளும் குசினிக் கதிரையில் இருந்து அழுதாள். எனக்காக வைத்த நேர்த்தி அது. அதைப் பார்த்துக்கொண்டு சோறு தின்ன என்னால் முடியவில்லை.

சிலாபம் றோட்டில் கேம்பர் விற்கிற நளீமிடம் போனோம். அந்தப் பிள்ளை வாய் ஓயாமல் கதைத்தது.

"அங்கிள், இது முப்பது பாகை மலையும் ஏறும். வெளிய பனி கொட்டினாலும் உள்ளுக்குச் சூடு குறையா."

"இஞ்ச எங்க தம்பி மலை? உப்பளத்தில குவிச்சு வச்சிருக்கிற உப்ப விட்டா?"

றோசமேரி எங்கள் இருவர் கதையையும் காதில் போடவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முதலாவதுக்குக் கூரை துணியில் இருந்தது, விரித்தால் குடைபோல் அழகு. "கச்சான் காத்துக்கு இது தலவிலயில நிக்காது. மன்னாரில போய்த்தான் நிக்கும்" என்றாள். இரண்டாவது உயரமானது, ஏணி வைத்து ஏற வேண்டும். ஏணியைப் பார்த்தாள், தன் முழங்காலைப் பார்த்தாள், சிலுவை போட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டாள். மூன்றாவது சின்னது. தகரக் கூரை, உப்புக் காற்று தின்னாத சட்டம், படி ஒரு சாண் உயரம். அடுப்பு இழுப்பறைபோல் பின்பக்கம் வெளியே வருவதால், முன்மூக்கைக் காற்றுக்குக் கொடுத்து நிறுத்தினால் கறியில் மண் விழாது. காற்றுக்கு மூக்குக் கொடுக்க எனக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. றோசமேரி தானாகவே ஏறி, கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலில் சரிந்து பார்த்தாள். வெளியே வந்தபோது கண் ஈரமாயிருந்தது.

"இதுதான்" என்றாள்.

இனி நான் செய்த பிழை. எங்கள் கரையில் ஆள் ஏறுகிற எந்தப் புதுச் சாமானும் பெயரில்லாமலும் தீர்த்தம் படாமலும் வெளிக்கிடாது. சைக்கிள் வாங்கினாலும் பங்குச் சுவாமியைக் கூப்பிடுகிற ஆட்கள் நாங்கள். சுவாமி வந்து மந்திரித்துவிட்டுப் போனார். வள்ளங்களுக்குப் பெயர் எழுதுகிற பெயின்ற்காரனைக் கூப்பிட்டேன். அவனுக்கு வேறொன்றும் எழுதத் தெரியாது. மூக்கின் இரண்டு பக்கமும் நீலத்தில் 'அன்னம்மா துணை', அதற்குக் கீழே சிவப்பில் ஒரு அலை. காற்றுக்கு ஆடாமல் இருக்கட்டும் என்று என் பழைய வள்ளத்தின் நங்கூரத்தையும் கயிற்றையும் மூக்கில் கட்டினேன். ஊரில் பார்த்த எல்லாரும் வடிவாயிருக்கு என்றுதான் சொன்னார்கள்.

நம்பர் தகடு எடுக்கப் போன இடத்தில், உள்ளே கட்டில் கிடப்பதை எட்டிப் பார்த்துவிட்டு, கட்டில் இருக்கிற சாமானுக்கு வேறொரு பணிமனை இருக்கிறது என்று புத்தளத்துக்கு அனுப்பினார்கள். அசையும் வதிவிட ஒழுங்குபடுத்தல் பணிமனை. ஒரு கடையின் மேல்மாடி. திருவிழாக் கொடியேற்றத்துக்கு அன்றைக்கு நாற்பத்தொரு நாள் இருந்தது.

உள்ளே ஒரு பிள்ளை, பெயர் நஸ்லா, எழுதுநர். "கேம்பர் ஒண்டு பதியணும் மகள்" என்றேன். அவள் கதிரையை விட்டு எழும்பினாள்.

"சேர்! வந்திட்டாங்க! ஒராள் வந்திட்டாங்க!"

உள்ளறையிலிருந்து பணிப்பாளர் கிளைட்டன் சப்பாத்துப் போடாமல் ஓடிவந்தார். சுவர் மணிக்கூட்டில் தொங்கிய பிளாஸ்ரிக் மாலையைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். படம் பிடித்தார்கள். பணிமனை திறந்து நான்கு வருடத்தில் வந்த முதல் ஆள் நான்தானாம். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். கேட்க நான் ஒருவன்தான் இருந்தேன், ஆனாலும் மேடையில் நிற்பதுபோல் நின்றார்.

"ஐயா, இந்த மாவட்டத்தில் அசையும் வதிவிடம் ஒன்றுகூட இல்லாத காலத்திலும் நாங்கள் அவற்றை இடைவிடாது ஒழுங்குபடுத்தி வந்திருக்கிறோம். நான்கு வருடத்தில் ஒரு விதிமீறல்கூட இல்லை. வேறு எந்தப் பணிமனைக்கு இந்தப் பெருமை உண்டு?"

"ஒண்டுக்கும் இல்ல சேர்" என்றேன். தேத்தண்ணி நேரத்துக்குமுன் வேலை முடிந்துவிடும் என்று நினைத்தேன், மடையன்.

முதலில் அது வீடு என்றார். கட்டில் இருக்கிறது, கதவு இருக்கிறது, ஆகவே வீடு. வீட்டுக்கு நிரந்தர விலாசம் வேண்டும். "வீடு அசையலாம், விலாசம் அசையக் கூடாது." நான்கு எல்லைக் காணிக்காரரும் கையொப்பம் இட வேண்டும்.

"சேர், இழுத்துக்கொண்டு போனா எல்லை மாறுமே?"

இதைக் கேட்டிருக்கக் கூடாது. அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. "மிக நல்ல கேள்வி. அப்படியானால் போகும் பாதையில் இரண்டு பக்கமும் உள்ள காணிக்காரர் அனைவரும் கையொப்பம் இட வேண்டும். நஸ்லா, இதைச் சுற்றறிக்கையில் சேருங்கள்."

முந்தலிலிருந்து தலவிலவரை. ஜவ்பரிடம் சொன்னேன். முந்தலில் தேங்காய் வியாபாரம், பழைய டபுள் கெப் வாகனம் ஒன்று வைத்திருக்கிறவன், கேம்பரை இழுத்துப் போக ஒப்புக்கொண்ட சிநேகிதன். தலையில் கை வைத்தான்.

"அல்லாஹ்வே! அன்ரனி, பாலாவிக்கு அங்கால ஒரு பக்கம் களப்புத் தண்ணிதானே இரிக்கி. களப்புக்கு யாருட்ட ஒப்பம் வாங்குற? எறால்ட்டயா?"

இருந்தும் போனேன். பன்னிரண்டு நாள் வெயிலில் வேலி வேலியாக நின்றேன். ஒருத்தர் என்னைத் தேர்தல் ஆள் என்று நினைத்து நாயை அவிழ்த்துவிட்டார். இன்னொருத்தர் கட்டிலைப் படத்தில் பார்க்காமல் ஒப்பம் வைக்கமாட்டேன் என்றார். அறுபத்துமூன்று கையொப்பத்தோடு போனபோது பணிப்பாளர் இன்னொரு கடதாசி நீட்டினார். வீடென்றால் நிலத்தில் பதிந்த மலசலகூடம் வேண்டும், இதில் இல்லை, எனவே இது வீடு அல்ல.

கொடியேற்றத்துக்கு இருபத்தொன்பது நாள்.

அடுத்தது விடுதி என்றார். தூங்குகிறார்கள், சமைக்கிறார்கள், திரும்பிப் போகிறார்கள், அப்படியானால் விடுதிதான். வரவேற்பு மேசை வேண்டும். மூன்று மொழியில் சாப்பாட்டுப் பட்டியல் வேண்டும். முறைப்பாட்டுப் புத்தகம் வேண்டும்.

"புத்தகம் வெறுமையாக இருக்கக் கூடாது. முறைப்பாடே இல்லாத விடுதியை எப்படி நம்புவது? ஆகக் குறைந்தது மூன்று தேவை."

வீட்டுக்கு வந்து கொப்பியை றோசமேரி முன்னால் போட்டேன். அவள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரே மூச்சில் எழுதினாள். ஒன்று, முதலாளி குறட்டை விடுகிறார். இரண்டு, முதலாளிக்குக் காது மந்தம், மூன்று தரம் கூப்பிட வேண்டும். மூன்று, முதலாளி சொன்னதையெல்லாம் செய்கிறார், அதனால்தான் நாங்கள் இன்னும் முற்றத்தில் நிற்கிறோம்.

பணிப்பாளர் மூன்றையும் கவனமாகப் படித்தார். முதலாவதுக்கு எதிரே 'மருத்துவச் சான்றிதழ் இணைக்கவும்' என்று எழுதினார். இணைத்தேன். காதுக்கும் சேர்த்து இணைத்தேன். பிறகு விருந்தினர் பதிவேடு கேட்டார்.

"விருந்தாளி எண்டு ஒருத்தரும் இல்ல சேர். என்ட மனிசிதான்."

"மனைவி விருந்தினர் அல்ல. விருந்தினர் இல்லாத விடுதி விடுதியும் அல்ல" என்று சொல்லிக் கடதாசிக் கோவையை மூடினார். மூடும்போது அவருக்கு ஒரு சந்தோசம். எனக்கு அழுகை வந்தது.

படி இறங்கும்போது நஸ்லா பின்னாலேயே வந்தாள். "அங்கிள், கோவிக்காதீங்க. சேர் கெட்ட மனிசன் இல்ல. இந்த ஃபைல் முடிஞ்சிட்டா நாளைக்கி நாங்க என்ன வேல செய்ற?"

அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. அதனால் ஏசவும் முடியவில்லை.

றோசமேரி ஒன்றும் கேட்பதில்லை. செபமாலை, படுக்கைச் சீலை, முழங்காலுக்குப் பூசுகிற எண்ணெய், சின்னப் பானை, எல்லாவற்றையும் ஒரு கூடையில் கட்டிக் கேம்பருக்குள் வைத்திருந்தாள். நான் புத்தளத்திலிருந்து வந்து முகத்தைக் கழுவுவதைப் பார்த்துவிட்டுக் கூடையை எடுத்து வீட்டுக்குள் வைப்பாள். மறுதரம் நான் பஸ் ஏறப் போகும்போது திரும்பக் கொண்டுபோய் வைப்பாள். எனக்கு ஆத்திரம் வந்தது. நாள் போகப் போக அந்த ஆத்திரமும் களைத்துப்போனது.

கொடியேற்றத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது பணிப்பாளர் நேரில் பரிசோதிக்க வந்தார். அத்தனை கடதாசியும் கேம்பரைக் கண்ணால் காணாமலே எழுதியவைதான். முற்றத்தில் மூன்று தரம் சுற்றினார். மூக்கடியில் நின்றுவிட்டார்.

"இது என்ன?"

"பெயர் சேர். அன்னம்மா துணை."

"இது?"

"நங்கூரம்."

"ஆசீர்வதித்தீர்களா?"

"ஓம் சேர், சுவாமி வந்து தீர்த்தம் தெளிச்சவர்."

அவர் தொப்பியைக் கழற்றினார். குரல் தழுதழுத்தது. "ஒரு மாதத்துக்கு மேலாக என்னை ஏமாற்றியிருக்கிறீர்கள், அன்ரனிப்பிள்ளை. பெயர் உண்டு. நங்கூரம் உண்டு. ஆசீர்வாதம் உண்டு. உரிமையாளர் மீனவர். சக்கரம் இருப்பது தற்செயல். இது கலம்!"

நான் வாயைத் திறந்தேன். கதவடியில் நின்ற றோசமேரி, "வாய மூடுங்க" என்றாள். மூடினேன். அவளுக்கு என்னைவிட வேகமாக விளங்கியிருந்தது. இந்தக் கரையில் வள்ளத்தைக் கடற்கரைக்கு இழுத்துப் போகிறவனை யாரும் மறிப்பதில்லை.

"மிதப்புப் பரிசோதனை செய்ய வேண்டும்" என்றார் பணிப்பாளர். "அதற்கு நீந்தத் தெரிந்த உத்தியோகத்தர் ஒருவர் தேவை. அந்தப் பதவி இன்னும் நிரப்பப்படவில்லை. பதவி வெற்றிடத்துக்காக ஒரு கலத்தைத் தண்டிக்க நான் விரும்பவில்லை." சான்றிதழில் 'மிதக்கும் எனக் கருதப்படுகிறது' என்று எழுதி ஒப்பம் வைத்தார். கொள்ளளவு இரண்டு பேர். கலத்தில் இருக்கும் எவரும் எந்நேரமும் உயிர்காப்பு அங்கி அணிந்திருக்க வேண்டும்.

போனோம். கொடியேற்றத்துக்கு முதல்நாள் ஜவ்பர் இழுத்துப்போக, பாலாவி தாண்டியதும் ஒரு பொலிஸ்காரர் மறித்தார்.

"என்ன இது?"

"வள்ளம் சேர்" என்று சான்றிதழை நீட்டினேன். நெடுநேரம் படித்தார். டயரைப் பார்த்தார். திரும்பப் படித்தார்.

"எஞ்சின் எங்க?"

"அது முன்னுக்கு இரிக்கி சேர்" என்று ஜவ்பர் தன் டபுள் கெப்பைத் தட்டிக் காட்டினான். பொலிஸ்காரர் கடதாசியை என் கையில் திணித்துவிட்டு அடுத்த லொறியைப் பார்க்கப் போய்விட்டார்.

தலவில மணல் தொடங்கும் இடத்தில் டயர்க் காற்றைக் குறைத்து, கொட்டில்களுக்கு அப்பால் கொண்டுபோய், மூக்கைக் கச்சான் காற்றுக்குக் கொடுத்து நிறுத்தினோம். நங்கூரத்தை மணலில் புதைத்தேன். றோசமேரி அந்த ஒரு சாண் படியில் ஒருத்தர் கையையும் பிடிக்காமல் ஏறினாள். சட்டப்படி செம்மஞ்சள் உயிர்காப்பு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கட்டிலில் சாய்ந்தாள். ஜன்னலால் கோயில் முகப்புத் தெரிந்தது.

"காத்து நல்லாயிருக்கு, என்னப்பா" என்றாள்.

எனக்கு அது போதும். நாற்பது நாளும் அப்படியே என் தலையிலிருந்து இறங்கின.

பக்கத்துக் கொட்டில் கத்தரினா, ஜாக்கெட்டோடு செபமாலை சொல்கிறவளைப் பார்த்து, இது என்ன நேர்த்தி, எதுக்கு நல்லது என்று கேட்டுவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் அவளுடைய மருமகனும் வள்ளத்திலிருந்து ஒரு ஜாக்கெட்டைக் கழற்றிக் கொண்டுவந்து அவளுக்குக் கொடுத்தான். அவளும் அதைப் போட்டுக்கொண்டு செபமாலை சொல்லத் தொடங்கினாள்.

எட்டாம் நாள் மத்தியானம் காற்று இரண்டு மடங்காயிற்று. நாலைந்து கொட்டில்களின் கிடுகு பறந்தது. கொஞ்ச நேரத்தில் மணலில் ஒரு மனிதர் வளைந்து வளைந்து வந்தார். பணிப்பாளர் கிளைட்டன். அவரும் திருவிழாவுக்கு வந்திருக்கிறார். பறந்த தன் கொட்டில் கூரையைப் பிடிக்கப் போய் முதுகு பிடித்துவிட்டது.

"அன்ரனிப்பிள்ளை, உங்கள் கட்டிலில் கொஞ்ச நேரம் சரியலாமா? இது உத்தியோகபூர்வமான வேண்டுகோள் அல்ல."

"வாங்க சேர்" என்றாள் றோசமேரி. "ஆனா ஜாக்கெட் இல்லாம ஏறப்படாது. சட்டம்."

ஜாக்கெட் இரண்டுதான். என்னுடையதைக் கழற்றி அவருக்குப் போட்டு, கைத்தாங்கலாகக் கட்டிலில் கிடத்திவிட்டு நான் இறங்கி மணலில் இருந்தேன். றோசமேரி வாசற்படியில் செபமாலையோடு இருந்தாள். அவர் பொழுது சாயும்வரை, செம்மஞ்சள் பொதிபோல, கால் நீட்டிக் குறட்டை விட்டார். "உங்களவிடப் பரவாயில்ல" என்றாள் அவள். என் தோள் வெயிலில் கொதித்தது. ஆனாலும் மனம் நிறைவாயிருந்தது. மறுநாள் திருவிழாப் பூசை. அந்த வருட நேர்த்தி முடிந்தது. வீடு திரும்பினோம்.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. விளக்கம் கோரல். 'அன்னம்மா துணை எனும் கலத்தில் பயணி ஒருவர் இருக்கையில், அதன் ஓட்டி கலத்தைக் கைவிட்டு இறங்கினமை. சாட்சி: பணிப்பாளர், நேரில் கண்டது.'

முற்றத்தில் நின்று இரண்டு தரம் படித்தேன். கைவிட்டு. தோல் உரிந்து, நாக்குத் தடித்து, மூன்று பகலும் மூன்று இரவும் கவிழ்ந்த வள்ளத்தின் அடிக்கட்டையைக் கட்டிப் பிடித்துக் கிடந்தவன் நான். என்னைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். நாற்பது நாளும் பொறுத்துக்கொண்டவனுக்கு இதைப் பொறுக்க முடியவில்லை.

மறுநாளே புத்தளத்துக்குப் போனேன். பணிப்பாளர் எழும்பி நின்று கதிரை தந்தார். நஸ்லா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் தவறாக எடுக்கக் கூடாது. நான்கு வருடமாக விதிமீறல் எதுவுமில்லை என்று அறிக்கை அனுப்பினோம். அப்படியானால் பணிமனை எதற்கு என்று மேலிடம் கேட்டிருக்கிறது. இந்த வருட அறிக்கைக்கு ஒன்றாவது வேண்டும். உங்களை விட்டால் எங்களுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடியில் அன்பு இருந்தது, அதுதான் கொடுமை.

படிவம் தந்தார்கள். கலத்தை விட்டு இறங்கிய காரணம்: புயல், தீ, கலம் மூழ்கல், வேறு. 'வேறு' என்ற இடத்தில் எழுதினேன்: பணிப்பாளர் என் கட்டிலில் படுத்திருந்தார்.

அவர் படித்தார். தலையாட்டினார். "தெளிவாக இருக்கிறது. மூன்று பிரதி."

மூன்று தரமும் எழுதினேன். மூன்றிலும் அவர் முத்திரை குத்தினார். எழும்பும்போது குரலைத் தாழ்த்தினார்.

"இன்னொரு விசயம், அன்ரனிப்பிள்ளை. உங்கள் கட்டிலில் படுத்து எழும்பியதும் என் முதுகு சுகமாகிவிட்டது. அன்னம்மா செய்த அற்புதப் புதுமை. அந்த இடத்திலேயே நேர்ந்துகொண்டேன். இனி வருடா வருடம் ஒன்பது நாளும் வருவேன்."

வீட்டுக்கு வந்து முகத்தைக் கழுவினேன். றோசமேரி கதிரையில் இருந்தபடி, "என்னவாம்?" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். கைவிட்டு என்ற சொல்லை மட்டும் சொல்ல வரவில்லை. அவள் கடிதத்தை வாங்கித் தானே படித்தாள். அந்தச் சொல்லில் விரல் நின்றது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள், ஒருத்தர் உதவியும் இல்லாமல்.

"நேர்த்தி எண்டா மறிக்கேலாது. வரட்டும். ஆனா தலவில நேர்த்தி எண்டா மணல்லதான் கிடக்கணும், நான் இருபத்தஞ்சு வருசம் கிடந்தனான். அவரப் பாய் கொண்டு வரச் சொல்லி எழுதுங்க. இனி ஆண்டவர் வந்தாலும் நீங்க நம்மட வள்ளத்தில இருந்து இறங்கப்படாது."

எழுதினேன். கேட்கும் முன்பே மூன்று பிரதி எடுத்தேன்.